ஏட்டில் இல்லாத பிள்ளைகள்: உழைக்கும் சிறார் பற்றிய சில பிரதிகளும் ஒரு கேள்வியும்

கொடைக்கானலுக்குக் கீழே, பெருமாள்மலைப் பக்கம் ஒரு காலனி. நண்பர்கள் சிலர் அங்கே சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி 'காக்கா முட்டை' படம் போட்டார்கள். குளிரில் பிள்ளைகள் எல்லாம் கம்பளிக்குள் ஒண்டிக்கொண்டு பார்த்தார்கள். படம் முடிந்ததும் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். பன்னாட்டு மூலதனம், நுகர்வுக் கலாச்சாரம், பீட்சா என்னும் குறியீடு, நகரம் விளிம்புநிலை மக்களை வெளியே தள்ளும் விதம் என்று போயிற்று பேச்சு. 2015இல் படம் வெளிவந்தபோது ஒரு சிற்றிதழில் எழுதியதைத்தான் கொஞ்சம் எளிமையாக்கிச் சொன்னேன். முன்வரிசையில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று, ஏழாவது படிக்கிறது, எழுந்து நின்று கேட்டது:

"ஏண்ணே, அந்தப் பயலுக கரி வித்த காசத் தனியா ஒளிச்சு வச்சானுகள்ல, அவுக அம்மா எண்ணிப் பாக்க மாட்டாகளா? எங்கம்மான்னா ஒரு ரூவா கொறஞ்சாலும் கண்டுபிடிச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "நல்ல கேள்வி" என்று சொல்லி நழுவினேன். பதில் தெரியாதவர்கள் சொல்வது அதுதானே. அப்புறம்தான் சொன்னார்கள், அந்தப் பிள்ளை மே மாதம் முழுக்க ஏரியைச் சுற்றி அவித்த கடலை விற்கிற பிள்ளை என்று. எனக்கு உறைத்தது. என் விமர்சனத்தில் உலகமயம் இருந்தது, பீட்சா இருந்தது. சம்பாதித்த காசு வீட்டுக்குள் போகிறபோது யார் கையில் போகிறது, யார் எண்ணுகிறார்கள் என்ற விஷயம் இல்லை. இரண்டு பயல்களும் வேலை செய்கிறார்கள் என்பதையே நான் விமர்சனத்தில் ஒரு வரியில் கடந்து போயிருந்தேன். அவர்களுடைய ஆசைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, உழைப்பு தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்குப் பதில் இல்லை. அதன் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் கொண்டாடிய சில பிரதிகளை மறுபடி வாசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

'காக்கா முட்டை'யைச் சும்மா தள்ளிவிட முடியாது. மணிகண்டன் அந்தப் பையன்களைப் பரிதாபப் பிண்டங்களாக ஆக்கவில்லை. அப்பன் ஜெயிலில், அம்மா அவனை வெளியே எடுக்க அலைகிறாள், பள்ளிக்கூடம் நின்றுபோய்ப் பையன்கள் தண்டவாளத்தில் சிந்திய கரி பொறுக்கி விற்கிறார்கள். வக்கீலுக்குப் போகிற பணம் எங்கிருந்து வருகிறது என்பது படத்தில் இருக்கிறது. ஆனால் பீட்சாக் கடை திறந்ததும் கதை அந்தப் பக்கம் சாய்கிறது. அதுவரை வீட்டுக்காக உழைத்த பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒரு தின்பண்டத்துக்காக உழைக்கிற பிள்ளைகளாகிறார்கள். பார்வையாளர்களுக்கு அப்போதுதான் நிம்மதி. பிள்ளைகள் என்றால் எதற்காவது ஆசைப்பட வேண்டும், அழ வேண்டும், ஏமாற வேண்டும். வட்டிக்கும் வக்கீலுக்கும் கணக்குப் பார்க்கிற பிள்ளையை யாருக்கும் பிடிக்காது. கடைசியில் பீட்சா ருசிக்கவில்லை, ஆயா சுட்டுத் தந்த தோசையே மேல் என்று முடிகிறபோது தியேட்டரே கை தட்டியது. நானும் தட்டினேன். சேரியில் கிடைப்பதே சேரிக்குப் போதும் என்று அதற்கு ஒரு அர்த்தம் இருப்பது அன்றைக்கு எனக்குப் படவில்லை. சாதி என்ற சொல்லும் படத்தில் இல்லை. குடிசை, ஏழ்மை, நகரம் என்றாலே போதும், மற்றதைப் பார்க்கிறவர்கள் அவரவர் வசதிப்படி புரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இதற்கு முன்னால் 2001இல் ஜானகி விஸ்வநாதன் எடுத்த 'குட்டி'. சிவசங்கரியின் கதை. கிராமத்துச் சிறுமி கண்ணம்மா சென்னையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். வீட்டுக்கார ஐயாவும் அம்மாவும் முதலில் நல்லவர்கள், மாமியார் வந்ததும் கொடுமை. இந்தக் கதையாடலின் சூட்சுமமே அந்த மாமியார்தான். அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் எட்டுப் பத்து வயதுப் பிள்ளை ஒன்று இன்னொரு பிள்ளையைத் தூக்கி வளர்ப்பதில் தப்பே இல்லை என்று ஆகிவிடுகிறது. நடுத்தர வர்க்க வாசகிக்கும் பார்வையாளருக்கும் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து. நாம் அந்தக் கிழவி மாதிரி இல்லையே என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டில் அதே வயதில் ஒரு பிள்ளை கதவைத் திறந்துவிடும்.

'குழந்தைத் தொழிலாளி' என்ற சொல்லே எனக்கு எப்போதும் ஒட்டுவதில்லை. அது சர்க்காரின் சொல். எங்கள் லயனில் நடக்கத் தெரிந்த பிறகு யாரையும் குழந்தை என்று கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. பய, புள்ள, அவ்வளவுதான். 'அந்தப் பயலையும் கூட்டிட்டு வா, ரெண்டு கிலோவாச்சும் எடுப்பான்.'

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருப்பது இந்த இடத்துக்காகத்தான். கீழ்ப்பழனி மலையில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு அடியில் காப்பி நிற்கிற தோட்டங்களில் ஒன்றில் என் அம்மா பழம் எடுத்தாள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள்தான் பழம் பழுக்கிற காலம். பள்ளிக்கூடம் திறந்துதான் இருக்கும், நாங்கள்தான் போக மாட்டோம். தாழ்ந்த கிளைகளில் இருக்கிற பழம் பிள்ளைகளுக்கு, மேல்கிளை பெரியவர்களுக்கு. சாயந்திரம் தராசில் அம்மா சாக்கை வைப்பாள். அதில் பாதி நானும் என் தங்கச்சியும் எடுத்தது. கணக்கப்பிள்ளை செக்ரோலில் அம்மா பேருக்கு நேரே எடையைக் குறிப்பார். எங்கள் பேர் அதில் கிடையாது. சோதனைக்கு அதிகாரி வந்து அந்த ஏட்டை எத்தனை தடவை புரட்டினாலும் ஒரு பிள்ளையும் கண்ணில் படாது. நாங்கள் எடையில் இருந்தோம், ஏட்டில் இல்லை. கணக்கப்பிள்ளை பொய் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால் யார் கை எடுத்தது என்று எழுத இடமே இல்லை.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 12 வயது நிரம்பாத பிள்ளைகளைத்தான் தோட்ட வேலையிலிருந்து தடுத்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளையை அபாயகரமான வேலையில் வைத்த முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஏரிக்கரையில் கடலை விற்கிற பிள்ளைக்கு முதலாளி யார்? அம்மாவா, கடலை கடனாகக் கொடுத்த கடைக்காரரா, வட்டிக்காரரா? 2006 அக்டோபர் 10 முதல் வீட்டு வேலையிலும் ஓட்டல், டீக்கடைகளிலும் 14 வயதுக்குக் கீழே வைக்கக் கூடாது என்றார்கள். நான் பார்த்த வரையில், கடைக்குள்ளே எச்சில் தட்டு எடுத்த பையன்களில் சிலர் கடைக்கு வெளியே ரோட்டுக்கு வந்தார்கள், கையில் தொப்பியும் மஃப்ளரும்.

அப்புறம் 2016 திருத்தம். எல்லா வேலையிலும் 14 வயதுக்குக் கீழே தடை என்று தலைப்பில் சொல்லிவிட்டு உள்ளே இரண்டு விதிவிலக்கு. ஒன்று, பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும், அபாயமில்லாத வேலையாக இருந்தால், பிள்ளை உதவலாம். இரண்டு, சினிமா, தொலைக்காட்சி போன்றவற்றில் கலைஞராக வேலை செய்யலாம். கடலை விற்கிற பிள்ளையும் அந்தப் பிள்ளையாக நடிக்கிற பிள்ளையும் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடிக்கிற பிள்ளைக்காவது நேரம், கூலி, அனுமதி என்று விதிகள் உண்டு. விற்கிற பிள்ளை 'உதவுகிறது', அவ்வளவுதான். செக்ரோல் செய்த அதே வேலையைச் சட்டம் செய்கிறது.

கொடைக்கானலில் இதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. இங்கே விடுமுறைதான் சீசன். ஏப்ரல், மே வந்தால் சமவெளியின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அவர்களைக் கூட்டிக்கொண்டு அப்பா அம்மா மலை ஏறுகிறார்கள். அதே நாளில் மலையின் பிள்ளைகளுக்கும் விடுமுறை. ஒரு பிள்ளை குதிரை மேல், இன்னொரு பிள்ளை குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. சுட்ட சோளக்கருது, அவித்த கடலை, காரட் கட்டு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று என்று நீட்டுகிற கைகளில் பாதி சின்னக் கைகள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்தது. எத்தனை வண்டி மலை ஏறுகிறது என்று இப்போது எண்ண முடிகிறது.

இந்த ஊரே பிள்ளைகளுக்காக உண்டான ஊர் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. மதுரையின் வெயிலுக்கும் நோய்க்கும் பயந்துதான் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே வீடு கட்டினார்கள். 1901இல் தங்கள் பிள்ளைகள் படிக்கப் பள்ளியும் தொடங்கினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மலையில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். 1868இல் வந்த நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு குன்னுவ வேளாளரையும் அவர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்த புலையரையும் பற்றி எழுதுகிறது. பின்னாடி காப்பிக்காகச் சமவெளியிலிருந்து பள்ளரும் பறையரும் சக்கிலியரும் ஏற்றப்பட்டார்கள். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 'தாயகம் திரும்பிய'வர்களில் ஒரு பகுதி இந்த மலைக்கு வந்து மரம் வெட்டிப் பட்டை உரித்தது, கொத்தடிமையாகவும் கிடந்தது. எந்தப் பிள்ளை குதிரை மேலே, எந்தப் பிள்ளை கயிற்றிலே என்பது ஏழ்மை மட்டும் தீர்மானித்ததில்லை. இதைத்தான் நம் படங்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்' 1993இல் வந்தது. சின்ன ஊர் சினிமாக் கொட்டகையில் சோடா விற்கிற பையன்களின் நாவல். தெருவிலும் கொட்டகையிலும் பிழைக்கிற சிறாரைப் பற்றி நான் படித்ததில் அழாத பிரதி அதுதான். இடைவேளைக்குள் எத்தனை சோடா போகும், அதில் கையில் என்ன நிற்கும் என்ற பதற்றம் அந்த வாக்கியங்களிலேயே இருக்கிறது. பையன்கள் நல்ல பையன்களும் இல்லை. கஞ்சா உண்டு, வசவு உண்டு, உடம்பு உண்டு. தோழர்கள் சிலர் கேட்பார்கள், அவர் தலித் இல்லையே, நம் பத்திரிகையில் அவருக்கு என்ன பாராட்டு என்று. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. 2000இல் வந்த 'கூளமாதாரி'யில், கவுண்டர் வீட்டில் பண்ணையாளாகக் கிடந்து ஆடு மேய்க்கிற சக்கிலியப் பையன் கூளையனின் கதையில், எனக்கே அந்த உறுத்தல் வந்தது. மேய்ச்சல் காட்டின் மேல் ஆசிரியருக்கு இருக்கிற பிரியம் சில பக்கங்களில் அடிமைத்தனத்தையும் பால்யமாக்கிவிடுகிறது. வெயிலும் பனங்காயும் கிணற்றுக் குளியலும் நிறைய. அது அவருடைய பால்யமாக இருக்கலாம், கூளையனுடையதா என்று எனக்குச் சந்தேகம். கொட்டகை நாவலில் அந்தப் பிரியத்துக்கு இடமே இல்லை. அதனால்தானோ என்னவோ அது தப்பித்தது.

பாமாவுக்கு வருவோம். 'சங்கதி' 1994. அதில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற சிறுமி மைக்கண்ணி வருகிறாள். ஆத்தாள் வேலைக்குப் போனால் இவள் வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பாள், ஆத்தாள் பிள்ளை பெற்றுக் கிடந்தால் இவள் ஆபீசுக்குப் போவாள். இது ஒரு முழு வீட்டின் வரவு செலவு. ஆத்தாளின் பிரசவமும் அப்பனின் பொறுப்பின்மையும் மகளின் கூலியும் ஒரே கணக்கில் வருகின்றன. பாமா நீட்டி முழக்கவில்லை, ஊர்ப் பொம்பளைகள் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். தீப்பெட்டிப் பிள்ளைகளைப் பற்றிப் பூமணி 1996இல் 'கருவேலம் பூக்கள்' என்று ஒரு படமே எடுத்தார். எனக்கென்னவோ அந்தப் படத்தைவிட மைக்கண்ணியின் சில பக்கங்கள் கனமாகத் தெரிகின்றன.

'கருக்கு' 1992. அதில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பொட்டலக் காட்சி இருக்கிறதே, நம் ஆள் ஒருத்தர் நாயக்கருக்கு வாங்கிய பலகாரத்தைக் கை படாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறது. பார்க்கிற சிறுமிக்கு முதலில் சிரிப்பு, அண்ணன் விளக்கிச் சொன்ன பிறகு ஆத்திரம். கடலைக்காரப் பிள்ளையைப் பார்த்த பிறகு இந்தக் காட்சியைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. ஏரிக்கரையில் அந்தப் பிள்ளை கையாலேயே கடலையை அள்ளிப் பொட்டலம் மடித்துக் கொடுக்கிறது. வாங்குகிறவர் கையில் வாங்கித் தின்கிறார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அது ஒருநாள் என்னிடம் சொன்னது, தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போவதைவிட ஏரிக்குப் போவதுதான் பிடிக்கும் என்று. "அங்க யாரும் 'ஏய் இவளே'ன்னு கூப்புட மாட்டாங்க. பாப்பான்னு கூப்புடுவாங்க." இதை எழுதும்போதே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சிறார் உழைப்புக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது சொல்லக் கூடும். வாங்கவில்லை. என் தங்கச்சி காப்பித் தோட்டத்தோடு படிப்பை விட்டவள், எனக்கு இதில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை ஏரிக்கரையில் கண்டுகொண்ட அந்தச் சின்ன மரியாதையைப் பற்றி நம் பிரதிகள் எதிலும் ஒரு வரி இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதாகாது. ஊருக்குள் கிடைக்காததை ரோட்டில் தேடுகிற நிலைமை யாரால் வந்தது என்று அப்புறம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

மாரி செல்வராஜின் 'வாழை' 2024 ஆகஸ்டில் வந்தது. நம் இளைஞர்கள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். கணக்கு என்று பார்த்தால் தமிழ் சினிமாவில் இவ்வளவு துல்லியமாக எடுத்த படம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. வாங்கிய முன்பணம் இருக்கிறது, அதற்காகச் சனி ஞாயிறு தார் சுமக்கிற பையன் இருக்கிறான், தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிற சண்டை இருக்கிறது. கழுத்து எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர் எடுத்த படம். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் மலைவாழைத் தார் சுமந்தவர்கள் யாரும் அந்த வலியில் குறை சொல்ல மாட்டார்கள். லீவு நாளில் மற்றப் பிள்ளைகள் விளையாட, இவன் வேலைக்கு எழுப்பப்படுகிற அந்தக் காலை நேரம் ஒன்று போதும்.

என் சண்டை கடைசிப் பகுதியோடு. லாரி கவிழ்ந்ததும் படம் ஒப்பாரியாகிறது. நடந்த விபத்து, தன் வீட்டுத் துக்கம், அதை எப்படி அழ வேண்டும் என்று அவருக்கு நான் சொல்ல முடியாது. ஆனால் சாவு வந்ததும் கணக்கு நின்றுபோகிறது. செத்தவர்கள் வாங்கிய முன்பணம் என்ன ஆயிற்று? இழப்பீடு யார் கொடுத்தார்கள்? தார் மேல் ஆள் ஏற்றி அனுப்பிய வியாபாரி மறுவாரம் யாரை ஏற்றினான்? அந்த ஒரு ரூபாய் கடைசியில் நின்றதா, போனதா? அழுகிற பார்வையாளர்களுக்கு இந்தக் கேள்விகள் வராது. வர விடக் கூடாது என்று எடுத்தார் என்று சொல்லவில்லை. துக்கம் பெரிதாகும்போது கூலி கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் ஊர்களில் துக்க வீட்டுக்குத்தான் கடன்காரன் முதலில் வருவான்.

1990இல் கர்நாடகத்தில் உழைக்கும் பிள்ளைகளே சேர்ந்து 'பீமா சங்கம்' என்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்களையும் கேளுங்கள் என்றார்கள். பிள்ளைகளை வேலையில் இருக்கவிட்டே சங்கம் பேசுவதா என்று அப்போதே எதிர்ப்பு இருந்தது, எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் கூட்டம் போட்டு, குறிப்பு எழுதி, தங்கள் வேலையைத் தாங்களே விவரித்தார்கள். இங்கே நம்மிடம் என்ன இருக்கிறது? பழனி அடிவாரத்தில் பக்தர்கள் பின்னால் ஓடி ஓடி விற்கிற பிள்ளைகளும், ஏரிக்கரைப் பிள்ளைகளும், பூம்பாறைப் பக்கம் பூண்டு உரிக்கிற பிள்ளைகளும் பேசியதாக ஒரு பக்கம் அச்சில் நான் பார்த்ததில்லை. பெரியவனான பிறகு எழுதியது உண்டு, நான் இப்போது எழுதுகிற மாதிரி. வளர்ந்தவனின் நினைவில் கூலி எவ்வளவு என்பது மறந்துபோகிறது, அவமானம்தான் மிஞ்சுகிறது. எனக்கே கிலோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன், அவள் பட்டென்று சொன்னாள், வருடவாரியாக.

போன மே மாதம் ஏரிப்பக்கம் போனேன், அந்தப் பிள்ளையிடம் எழுதி வாங்கலாம் என்று நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தது, நானும் கூடவே ஓடினேன். நடந்துகொண்டே கணக்கைச் சொன்னது. பச்சைக்கடலை எந்தக் கடையில் கடன், ராத்திரி திருப்பிக் கொடுத்தது போக மிச்சம் எவ்வளவு, அதில் அம்மா குழுவுக்குக் கட்டுவது எவ்வளவு, அக்கா கல்லூரி பஸ்சுக்கு எவ்வளவு. கடைசியாக, அம்மாவுக்குத் தெரியாமல் தான் எடுத்து வைப்பது எவ்வளவு என்பதையும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. எண்ணிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி எப்படி எடுப்பது என்றும் ஒரு வழி வைத்திருக்கிறது. அதை இங்கே எழுத முடியாது, அவள் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும்.

பத்திரிகையில் வரும், பேர் போடட்டுமா என்று கேட்டேன்.

"பேரெல்லாம் வேணாம்ணே. ஸ்கூல்ல தெரிஞ்சா டீச்சர் கூப்புட்டுக் கேப்பாங்க. வேலைக்கே போகலைன்னு எழுதிக் குடுத்திருக்கோம்."

போடவில்லை.